சீக்கிரம் ஓய்வு பெற்றவருக்கு பிஆர் எவ்வளவு நாள் நிரந்தரம்?

வேலையை விட்டபோது எனக்கு 49 வயது. சிங்கப்பூரில் 22 வருடம் ஓட்டியாகிவிட்டது. வலங்கைமானுக்குப் பக்கத்தில் குடமுருட்டிப் பாசனத்தில் அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் நஞ்சை, வீட்டில் தனியாக இருக்கும் அம்மா, கையில் கொஞ்சம் சேமிப்பு, இந்த மூன்றையும் கூட்டிப் பார்த்து இனி போதும் என்று ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டேன். அங்கே நான் பிஆர், அதாவது நிரந்தர வசிப்புரிமை பெற்றவன். அன்றைக்கு என் ரீ-என்ட்ரி பெர்மிட், அதாவது வெளியே போய்விட்டுத் திரும்ப நுழையும் அனுமதி, முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அதைப் புதுப்பிக்க, முடிவதற்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்கலாம். அதாவது இன்னும் இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு வேலையில் இருந்திருந்தால் சம்பளச் சீட்டோடு விண்ணப்பித்திருக்கலாம். நான் பொறுக்கவில்லை, குறுவை நடவுக்கு ஊரில் நிற்க வேண்டும் என்று ஒரு ஆசை. விண்ணப்பத்தில் எங்கே வேலை செய்கிறீர்கள் என்று கேட்ட இடத்தில் எழுத ஒன்றும் இல்லை. வழக்கமாகக் கிடைக்கும் ஐந்து வருடத்துக்குப் பதில் ஒரே ஒரு வருடம் கிடைத்தது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது, அவசரப்பட்டது நான்தான்.

அதிலிருந்து எங்கள் பக்கத்தில் யார் ஊர் திரும்பினாலும் என்னிடம் ஒரு தடவை விசாரித்துவிட்டுப் போகிறார்கள். மன்னார்குடி, கூத்தாநல்லூர், திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் தெருவுக்கு ஒரு ‘சிங்கப்பூர்க்காரர் வீடு’ உண்டு. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போன தாத்தா காலத்திலிருந்து வந்த பழக்கம். இப்போது திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரம். பயணம் இவ்வளவு சுலபமாகிவிட்டதால் இங்கேயும் இருக்கலாம், அங்கேயும் இருக்கலாம் என்று நாமே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். சட்டம் அப்படி நினைப்பதில்லை.

‘நிரந்தர வசிப்புரிமை’ என்ற பெயரில் இருக்கும் நிரந்தரம்தான் ஆளைக் கவிழ்ப்பது. இதை ஊரில் விளக்குவதற்கு எனக்கு வசதியாக இருப்பது குத்தகைதான். தமிழ்நாட்டில் 1955-ல் வந்த குத்தகை சாகுபடியாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே, அதன்படி தன் உடலுழைப்பையோ குடும்பத்தார் உழைப்பையோ போட்டுப் பயிர் செய்கிறவர்தான் சாகுபடியாளர். குத்தகையை ஒழுங்காக அளந்துகொண்டு உழுதுகொண்டிருக்கிற வரைக்கும் நிலத்துக்காரர் நினைத்த நேரத்தில் அவரை வெளியே போ என்று சொல்ல முடியாது. தலைமுறை தலைமுறையாகக்கூட ஓடும். ஆனால் வயலைத் தரிசாகப் போட்டுவிட்டுத் திருப்பூரில் போய் உட்கார்ந்துகொண்டு ‘அது என் குத்தகை’ என்று சொன்னால் எத்தனை நாள் செல்லும்? பிஆர் அந்த மாதிரிதான். அங்கே இருந்து உழுகிறவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அது. பட்டா வேண்டும் என்றால் அது குடியுரிமை, வேறு கதை.

அந்தப் பட்டாவை நம் ஆட்களில் பலர் ஏன் வாங்கவில்லை என்பதற்கும் நிலம்தான் காரணம். இந்தியா இரட்டைக் குடியுரிமை கொடுப்பதில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும், மிஞ்சுவது வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்திய வம்சாவளிக்காரருக்குத் தரும் ஓசிஐ அட்டை. ஓசிஐ அட்டைக்காரர் வீடு, மனை வாங்கலாம், விவசாய நிலம் வாங்க முடியாது. பரம்பரையாக வந்ததை வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஓட்டும் கிடையாது. வெளிநாட்டில் இருக்கும் வரை இந்தியப் பாஸ்போர்ட்காரருக்கும் விவசாய நிலம் வாங்க இதே தடைதான், ஆனால் அவர் ஊர் திரும்பி இங்கே வசிப்பவர் ஆகிவிட்டால் தடை விலகிவிடுகிறது. பக்கத்து வயல் விலைக்கு வந்தால் வாங்க வேண்டும் என்ற எண்ணம் ஒரு டெல்டாக்காரனை இருபது வருடம் பிஆரிலேயே நிறுத்தி வைக்கும். என்னை நிறுத்தியது.

சரி, விஷயத்துக்கு வருவோம். பிஆர் என்று நாம் ஒரே வார்த்தையாகச் சொல்வதற்குள் மூன்று தனித்தனிச் சங்கதிகள் இருக்கின்றன. வசிக்கும் உரிமை ஒன்று, அதைக் காட்டும் அட்டை ஒன்று, வெளியே போய்விட்டுத் திரும்ப நுழையும் அனுமதி ஒன்று. எந்த நாட்டில் இந்த மூன்றில் எது காலாவதி ஆகிறது, எது போனால் எது கூடவே போகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அமெரிக்காவில் காலாவதி ஆவது அட்டை. ஆஸ்திரேலியாவில் காலாவதி ஆவது பயண அனுமதி. சிங்கப்பூரில் நீல ஐசிக்கு, அதாவது பிஆர் அடையாள அட்டைக்கு, பெரிய கவலை இல்லை, ரீ-என்ட்ரி பெர்மிட்தான் உயிர்நாடி.

எங்கள் பக்கத்துக்கு அதிகம் தேவைப்படுவது என்பதால் சிங்கப்பூரைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ரீ-என்ட்ரி பெர்மிட் இல்லாமல் நாட்டுக்குள்ளேயே இருந்தால் பிஆர் நிலை உடனே போவதில்லை. பிரச்சினை நாட்டுக்கு வெளியே கால் வைக்கும்போது, அல்லது வெளியே இருக்கும்போது பெர்மிட் முடிந்துபோகும்போது. முன்பெல்லாம் செல்லுபடியாகும் பெர்மிட் இல்லாமல் வெளியே இருந்தால் நிலையே போய்விடும் என்பதுதான் விதி. 2025 டிசம்பர் 1 முதல் இதில் ஒரு சின்னத் தளர்வு: வெளிநாட்டில் இருக்கும்போது பெர்மிட் இல்லாமல் போனால் 180 நாளுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். அதற்குள் விண்ணப்பிக்கவில்லை, அல்லது விண்ணப்பித்து மறுத்துவிட்டார்கள் என்றால் பிஆர் போயிற்று. இதைச் சிலர் ‘ஆறு மாதம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள்’ என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். மறந்துவிட்டவனுக்கு அது ஒரு கயிறு, பெர்மிட்டின் நீட்டிப்பு இல்லை. அந்த நாட்களில் தரப்படுவது விண்ணப்பிக்க நேரம் மட்டுமே, கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம் புதுப்பித்தலுக்கு இத்தனை மதிப்பெண் எடுத்தால் ஐந்து வருடம் என்று அட்டவணை எதுவும் வெளியிடுவதில்லை. ஆனால் விண்ணப்பம் எதையெல்லாம் கேட்கிறது என்று பார்த்தாலே என்ன யோசிக்கிறார்கள் என்று புரியும்: வேலை, வருமானம், குடும்பம் எங்கே இருக்கிறது. எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விதான், உன் வாழ்க்கை இங்கே ஓடுகிறதா இல்லையா?

சீக்கிரம் ஓய்வு பெற்றவன் மாட்டிக்கொள்வது இங்கேதான். 65 வயதில் ஓய்வு பெறுகிறவரைப் பார்த்து ஏன் வேலை இல்லை என்று யாரும் யோசிக்க மாட்டார்கள், அவர் அங்கேயே குடியிருந்தால் இன்னும் சுலபம். அங்கேயே வேலை பார்க்கிற 49 வயதுக்காரரைப் பற்றியும் கேள்வி இல்லை. 49 வயதில் வேலையும் இல்லை, வருமான வரியும் இல்லை, வருடத்தில் பத்து மாதம் வலங்கைமானில் இருக்கிறான் என்றால், அவன் எந்தப் பெட்டியிலும் அடங்க மாட்டான். ‘எனக்கு வேலை தேவையில்லை, சேமிப்பு இருக்கிறது’ என்று நாம் பெருமையாக நினைப்பது காகிதத்தில் ‘இந்த நாட்டில் இவருக்கு இப்போது எந்தத் தொடர்பும் இல்லை’ என்று படிக்கப்படுகிறது. சொந்தப் பணத்தில் வாழ்வது நமக்குச் சாதனை, புதுப்பித்தல் மேசைக்கு அது வெற்று இடம்.

ஆகவே வேலையை விட நினைக்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது வங்கிக் கணக்கு இல்லை, பெர்மிட்டின் தேதி. இன்னும் நாலு வருடம் இருக்கிறதா, நிம்மதியாகக் கடிதம் கொடுக்கலாம், நாலு வருடத்தில் மனசு தானாகத் தெளிந்துவிடும். ஆறு மாதம்தான் இருக்கிறதா, வேலையில் இருக்கும்போதே புதுப்பித்துவிட்டு அப்புறம் விடுங்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. விண்ணப்பிக்கும் நாளில் உங்கள் நிலைமை என்னவோ அதைத்தானே எழுதுகிறீர்கள். நான் செய்த தப்பை இன்னொருவர் செய்யாமல் இருந்தால் சரி.

வீட்டில் ஆண் பிள்ளை இருந்தால் கணக்கே மாறிவிடும். பெற்றோரால் பிஆர் பெற்ற பையனுக்குத் தேசிய சேவை கட்டாயம், முழுநேரமாக இரண்டு வருடம். வேலை அடிப்படையில் முதலில் பிஆர் வாங்கிய அப்பாவுக்குத்தான் விலக்கு, மகனுக்கு இல்லை. அப்பா ஓய்வு பெற்று ஊருக்கு வந்துவிட்டார், பையனும் பிஆரை விட்டுவிடட்டும் என்று 17 வயதில் முடிவெடுத்தால், பிற்காலத்தில் அவன் அங்கே படிக்கவோ வேலைக்கோ போக நினைக்கும்போது அது முன்னால் வந்து நிற்கும், பெற்றோரின் புதுப்பித்தலையும் பாதிக்கலாம். இந்த முடிவைப் பையனிடம் கேட்காமல் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

அடுத்தது பணம், அதாவது சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் மத்திய சேம நிதி. பிஆராக இருக்கும் வரை அந்தப் பணம் பெரும்பாலும் பூட்டில்தான் இருக்கும். 55 வயதில் கதவு திறக்கும், அப்போதும் ஓய்வுக்கால ஒதுக்கீடு போக மிச்சத்தைத்தான் எடுக்க முடியும், மாதாந்திரத் தொகை 65-லிருந்து. பிஆரை ஒப்படைத்துவிட்டு நிரந்தரமாக வெளியேறினால் எந்த வயதிலும் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம், மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் கணக்கு உட்பட. 49 வயதில் ஓய்வு பெறுகிற ஒருவருக்கு இது சாதாரண விஷயம் இல்லை. வயலுக்கு போர் போடவும், வீட்டைக் கொஞ்சம் எடுத்துக் கட்டவும் பணம் தேவைப்படும் வருடங்கள் அவை. ஆனால் அங்கே சாதாரணக் கணக்குக்குக் குறைந்தது 2.5 சதவீதம், மெடிசேவ் போன்ற கணக்குகளுக்குக் குறைந்தது 4 சதவீதம் வட்டி அரசு உத்தரவாதத்தோடு வருகிறது, சிங்கப்பூர் டாலரில். எடுத்து இங்கே கொண்டுவந்தால் கொத்தனார் முதல் மச்சான் வரை அதற்கு வழி சொல்ல ஆள் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் முழுதாக எடுத்து வந்து கும்பகோணத்தில் கல்யாண மண்டபம் கட்டினார், அதைப் பற்றி அவரிடம் இப்போது யாரும் பேசுவதில்லை.

வீவக வீடு, அதாவது அரசு வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடி வீடு, வாங்கியிருந்தால் பிஆரை விடும்போது அதையும் விற்றாக வேண்டும், வெளிநாட்டுக்காரராக அதை வைத்திருக்க முடியாது. மெடிஷீல்ட் மருத்துவக் காப்பீட்டுக்கான பிரீமியம் பிஆராக இருக்கும் வரை ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் படுத்தால் அது ஒன்றுக்கும் உதவாது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால்தான் பிஆரைப் பிடித்துக்கொண்டிருப்பதன் உண்மையான விலை தெரியும். பெர்மிட்டுக்கான கட்டணம் அதில் பெட்டிக்கடைச் செலவு.

இனி மற்ற நாடுகள். இங்கே வேகமாகப் போய்விடலாம், ஒன்றைத் தவிர.

கனடாதான் எனக்குத் தெரிந்து நேர்மையான கணக்கு: ஐந்து வருடத்தில் 730 நாள். வேலை இருக்கிறதா, வரி கட்டினாயா என்பதெல்லாம் பிறகு, அந்த மண்ணில் இருந்த நாட்களை எண்ணு. அது எப்போதும் பின்னோக்கிய ஐந்து வருடம், அட்டையில் இருக்கும் ஐந்து வருடம் இல்லை, இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கனடியக் குடியுரிமை உள்ள கணவரோ மனைவியோ கூட இருந்தால் ஊரில் இருக்கும் நாட்களும் கணக்கில் சேரும். அட்டை காலாவதி ஆனாலும் நிலை தானாகப் போவதில்லை, ஆனால் அட்டை இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், வெளியே இருந்தால் தனியாகப் பயண ஆவணம் வாங்க வேண்டும், அப்போது நாட்களை எண்ணிப் பார்ப்பார்கள். சீக்கிரம் ஓய்வு பெற்றவருக்கு இது தோதான சட்டம், சம்பாவுக்கு இங்கே வந்துவிட்டுக் கோடைக்கு அங்கே போகலாம். முதியோர் உதவித்தொகையை ஊரிலிருந்தே காலத்துக்கும் வாங்க வேண்டுமென்றால் 18 வயதுக்குப் பிறகு கனடாவில் 20 வருடம் வசித்திருக்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், 17 வருடத்தில் மூட்டை கட்டுகிறவர்கள் உண்டு.

ஆஸ்திரேலியாவில் உள்ளே இருக்கும் வரை உரிமைக்குக் காலவரை இல்லை, வெளியே போய் வருவதற்கான அனுமதிதான் ஐந்து வருடத்தில் முடியும். கடந்த ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் அங்கே இருந்திருந்தால் மறுபடி ஐந்து வருடம் கிடைக்கும், இல்லையென்றால் தொழில், குடும்பம், சொத்து என்று வலுவான தொடர்பைக் காட்ட வேண்டும், காட்டினாலும் ஒரு வருடம் வரைதான். பிரிட்டனில் புதுப்பித்தலே கிடையாது, தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் உரிமை தானாகப் போய்விடும். நியூசிலாந்தின் நிரந்தர வசிப்பு விசாவுக்கு மட்டும்தான் பெயருக்கேற்ற குணம், பயண அனுமதிக்கு முடிவுத் தேதியே இல்லை. வளைகுடாக்காரர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை, வேலை முடிந்தால் விசாவும் முடிந்தது, நாகூர் பக்கத்துச் சபுராளிகளிடம், அதாவது வெளிநாட்டில் பிழைப்பவர்களிடம், கேட்டால் ‘எங்களுக்குக் குழப்பிக்கொள்ள வாய்ப்பே தரவில்லை’ என்று சிரிப்பார்கள்.

தவிர்க்க முடியாதது அமெரிக்கா. கிரீன் கார்டு பத்து வருடத்துக்குத் தருகிறார்கள், ஐ-90 படிவம் போட்டுப் புதுப்பித்துக்கொள்ளலாம், அதனால் பத்து வருடம் கவலை இல்லை என்று நினைப்பதுதான் முதல் தப்பு. அட்டையின் தேதி வேறு, நீங்கள் அங்கே வசிப்பவர்தானா என்ற கேள்வி வேறு. 180 நாளுக்கு மேல் வெளியே இருந்து திரும்பினால் புதிதாக நுழைபவரைப் போல விசாரிக்கலாம். ஒரு வருடம் தாண்டினால் அட்டை நுழைவு ஆவணமாகவே செல்லாது. நீண்ட நாள் வெளியே இருக்க வேண்டுமென்றால் கிளம்பும் முன்பே, அமெரிக்காவுக்குள் இருக்கும்போதே, ஐ-131 படிவத்தில் ரீ-என்ட்ரி பெர்மிட் கேட்க வேண்டும். இரண்டு வருடத்துக்குத் தருவார்கள். ஊருக்கு வந்த பிறகு ஞாபகம் வந்து பயனில்லை.

இதில் எனக்கு வருத்தம் தருபவர்கள் ஐடி வேலையில் இருந்து 50 வயதில் ஓய்வு பெற்றவர்கள்கூட இல்லை, அவர்களுக்கு வக்கீல் வைத்துக்கொள்ள வசதி இருக்கிறது. கும்பகோணத்திலும் மாயவரத்திலும் இருக்கும் அப்பா அம்மாக்கள்தான். பிள்ளை குடியுரிமை வாங்கி இவர்களுக்கு கிரீன் கார்டு எடுத்துக் கொடுத்துவிடுகிறான். அதைக் காப்பாற்றுவதற்காகவே வருடா வருடம் ஐந்து மாதம் இருபது நாள் இங்கே, அப்புறம் முட்டிவலியோடு இருபது மணி நேரப் பயணம், அங்கே பனியில் ஜன்னலுக்குள் ஒரு மாதம், திரும்ப இங்கே. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தலையைக் காட்டினால் போதும் என்பது கேள்விப்பட்ட கணக்கு. அதிகாரி பார்ப்பது எண்ணிக்கையை மட்டும் இல்லை, உங்கள் வீடு எது என்பதை. இங்கே வீடு, இங்கே மருந்து, இங்கே பென்ஷன், அங்கே ஒரு சூட்கேஸ் மட்டும் என்றால் நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ விமான நிலையத்தில் கேட்பார்கள். பேரப்பிள்ளையைப் பார்ப்பதற்கு விசிட்டர் விசா போதும் என்ற நிலையில் கிரீன் கார்டை அவர்களே ஐ-407 படிவத்தில் ஒப்படைத்துவிட்டு வருவது கௌரவக் குறைச்சல் இல்லை. ‘ஒப்படைத்தால் இனிமேல் கிடைக்காதே’ என்ற பயம்தான் பிடித்து வைத்திருக்கிறது.

கிரீன் கார்டோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொன்று வரி. அதைக் கையில் வைத்திருக்கும் வரை நீங்கள் பாபநாசத்தில் இருந்தாலும் உலகம் முழுவதும் உள்ள வருமானத்தை அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும், இங்குள்ள வங்கிக் கணக்குகளில் சேர்த்து 10,000 டாலரைத் தாண்டினால் அதையும் தனியாகச் சொல்ல வேண்டும். நான் அங்கே வசிப்பவன் இல்லை என்று சொல்லி வரியைக் குறைத்துக்கொண்டால் அந்தக் காகிதமே நாளைக்கு நீ அங்கே வசிக்கவில்லை என்பதற்குச் சாட்சி. 15 வருடத்தில் 8 வருடம் கார்டு வைத்திருந்தவர் அதை விடும்போது வெளியேறும் வரி விதிகளுக்குள்ளும் வருகிறார், 20 லட்சம் டாலருக்கு மேல் சொத்து இருந்தால் அது உண்மையிலேயே வலிக்கும். எட்டாவது வருடம் வருவதற்கு முன் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

சரி, அந்தப் பக்கம் முடிந்தது. இந்தப் பக்கத்தை யாரும் யோசிப்பதே இல்லை. அங்கே பிஆர் உயிரோடு இருக்கிறது என்பதற்காக இங்கே நீங்கள் என்ஆர்ஐ ஆகிவிட மாட்டீர்கள். வேலையை விட்டுவிட்டு ஊரோடு இருக்கலாம் என்று வந்துவிட்டால், அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் இங்கே வசிப்பவர். வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ கணக்கை வங்கியில் சொல்லி உள்ளூர்க் கணக்காக மாற்ற வேண்டும், அல்லது வெளிநாட்டுப் பணமாகவே வைக்க ஆர்எஃப்சி கணக்குக்குக் கொண்டுபோகலாம். ஊர் வந்து ஏழு வருடமாக என்ஆர்இ வட்டிக்கு வரி இல்லை என்று சந்தோஷமாக இருக்கும் ஆட்களை எனக்குத் தெரியும், சொன்னால் ‘வங்கிக்காரரே கேட்கவில்லை, நீ ஏன் கேட்கிறாய்’ என்பார்கள். வெளிநாட்டில் இருந்தபோது சம்பாதித்த சொத்தை அங்கேயே வைத்திருக்கத் தடை இல்லை, அது நிம்மதி.

வருமான வரியில் மட்டும் கொஞ்சம் இளைப்பாற இடம் உண்டு. கடந்த 10 வருடத்தில் 9 வருடம் வெளிநாட்டுவாசியாக இருந்தவருக்கும், கடந்த 7 வருடத்தில் மொத்தம் 729 நாளுக்கு மேல் இந்தியாவில் இருக்காதவருக்கும் திரும்பி வந்த முதல் இரண்டு மூன்று வருடம் ‘ஆர்என்ஓஆர்’ என்ற இடைநிலை கிடைக்கும். அந்தக் காலத்தில் வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே பெரும்பாலும் வரி இல்லை. சேம நிதியை எடுப்பதா, வீட்டை விற்பதா, பிஆரை விடுவதா என்ற பெரிய முடிவுகளையெல்லாம் இந்த ஜன்னல் திறந்திருக்கும்போதே ஆடிட்டரோடு உட்கார்ந்து பேசி முடிப்பது புத்திசாலித்தனம். அது முடிந்து முழு வசிப்பாளர் ஆனபிறகு வெளிநாட்டில் இருக்கும் கணக்கு, பங்கு, வீடு எல்லாவற்றையும் ரிட்டர்னில் தனி அட்டவணையில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் 2015-ன் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம். வீடு நிலம் தவிர்த்த சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள் என்றால் 2024 அக்டோபரிலிருந்து அந்த அபராதம் இல்லை, ஆனால் 22 வருடச் சேம நிதி எப்படி 20 லட்சத்துக்குள் நிற்கும்?

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் சிக்க வைக்கும். ஊரில் இருக்கும்போது இந்தியப் பாஸ்போர்ட் முடிந்து தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவா மையத்தில் புதிதாக எடுத்தால், பழைய எண்ணில் இருக்கும் வெளிநாட்டு அனுமதி தானாகப் புதிய எண்ணுக்கு வராது. அந்த நாட்டுக்குச் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய பாஸ்போர்ட்டையும் தூக்கிப் போடாதீர்கள், எத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்பதற்கு அந்த முத்திரைகள்தான் கைவசம் இருக்கும் ஆதாரம்.

எல்லாம் தெரிந்த பிறகும் நான் ஏன் இன்னும் விடவில்லை என்று கேட்கிறார்கள். மகள் அங்கே பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். பிஆர் மாணவருக்கான கட்டணம் வெளிநாட்டு மாணவருக்கானதைவிடக் குறைவு, ஆனால் அது அவளுடைய பிஆர், என்னுடையது போனால் அவளுடையது போகாது. ஆக அது சாக்கு. உண்மைக் காரணம், இரண்டு போகம் ஏமாற்றினால் திரும்பிப் போய்விடலாம் என்று மனசின் ஓரத்தில் ஒரு கதவைத் திறந்து வைத்திருப்பதுதான். 50 வயதுக்கு மேல் அந்த ஊரில் எனக்கு யார் வேலை தருவார்கள் என்று நான் கேட்டுக்கொள்வதில்லை. போன சம்பாவில் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் என்று நெல்லை நிறுத்தி வைத்தபோது, நான் முதலில் போனில் எடுத்துப் பார்த்தது பெர்மிட் முடியும் தேதியைத்தான்.

இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. நாலு மாதம் கழித்து விண்ணப்பம் திறக்கும். மனைவி ‘இந்தத் தடவையும் கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் கிடைக்கட்டும், கிடைக்காவிட்டால் சேம நிதியை எடுத்துவிடலாம்’ என்கிறாள், அதுவும் ஒரு வழிதான். வேலை என்ற இடத்தில் என்ன போடுவது என்று ராத்திரி சாப்பிடும்போது பேச்சு வந்தது. அம்மா சாதத்தைப் பிசைந்துகொண்டே, “ஏன்டா, வெவசாயம்னு எழுத வேண்டியதுதானே?” என்றார்.